தொட்டுத் தொட்டுப் படிக்கும் எலும்புக் கணக்கு: 206 எலும்புகளின் பெயரையும் மனதில் நிறுத்த ஒரு முழு வழிகாட்டி

நான் பத்தாம் வகுப்பில் படிக்கும்போது, ஒரு மழை நாளில் அம்மா மலையிலிருந்து இறங்கி வரும் வழியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு டொக்டர் எழுதித் தந்த துண்டில் 'ரேடியஸ்' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தது. "என்னா எழுதியிருக்கு புள்ள?" என்று அம்மா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதே கிழமைதான் விஞ்ஞானப் பரீட்சையில் 'ஆரை' என்ற என்பைப் படத்தில் குறித்துப் புள்ளி வாங்கியிருந்தேன். அந்த ஆரைதான் இந்த ரேடியஸ் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது அம்மாவின் கையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று நான் தொட்டுப் பார்த்ததும் இல்லை.

பிறகு உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டுத் தாதியர் பயிற்சிக்குப் போனபோது அதே சிக்கல் பெரிதாக வந்து நின்றது. பாடம் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் ஒழுங்காகத் தெரிந்த விஷயத்தை முதலிலிருந்து படிப்பதுபோல் இருந்தது. மலையகத்திலிருந்து வந்த நாங்கள் சிலர் இரவில் கூடி உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். அந்த வழியைத்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சாதாரண தரத்துக்குப் படிப்பவருக்கும், உயர்தர உயிரியலுக்குப் போகிறவருக்கும், தாதியாகவோ ஆஸ்பத்திரி வேலைக்கோ போக நினைப்பவருக்கும் இது உதவும். வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் உதவும்.

வழி மிகவும் எளிது. பல எலும்புகளுக்கு நம்மிடம் மூன்று பெயர்கள் இருக்கின்றன. வீட்டுப் பெயர் ஒன்று, பாடப்புத்தகப் பெயர் ஒன்று, ஆஸ்பத்திரிப் பெயர் ஒன்று. எலும்பின்மேல் விரலை வைத்து மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்து மட்டும் படித்தால் பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடும். விரல் தொட்ட இடம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் பேசும்போது 'எலும்பு' என்கிறோம், இலங்கைப் பாடப்புத்தகம் 'என்பு' என்கிறது. இரண்டும் ஒன்றுதான். இந்தியாவில் அச்சான புத்தகங்களில் பெயர்கள் கொஞ்சம் மாறியிருக்கும். குழம்ப வேண்டாம், பரீட்சைக்கு நம் பாடப்புத்தகச் சொல்லையே எழுதுங்கள்.

தொடங்கும் முன்: கணக்கைப் பிரித்துக்கொள்ளுங்கள்

206 என்ற எண்ணைக் கேட்டதும் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும்.

உடம்பின் நடுவில் அச்சுபோல இருப்பவை 80. தலையோட்டில் 22, இரண்டு காதுகளுக்குள்ளும் சேர்த்து 6, தொண்டையில் 1, முள்ளந்தண்டில் 26, நெஞ்சில் 25. மீதி 126 கைகளிலும் கால்களிலும் இருப்பவை. ஒரு கைக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை 32, ஒரு காலுக்கு இடுப்பிலிருந்து விரல் நுனி வரை 31.

இனித்தான் நல்ல செய்தி. கையிலும் காலிலும் வலம் இடம் என்று எல்லாம் இரட்டை. ஒரு பக்கம் படித்தால் மறுபக்கமும் படித்ததாகிவிடும். விரல் எலும்புகள், விலா எலும்புகள் போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இல்லை, எண்தான். ஆகவே நீங்கள் உண்மையில் படிக்க வேண்டிய தனிப் பெயர்கள் ஐம்பதுக்குச் சற்று மேலே. ஒரு நாளைக்கு மூன்று என்று வைத்தாலும் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த 206 வளர்ந்தவர்களின் கணக்கு. பிறந்த குழந்தைக்கு 270க்கும் மேல் இருக்கும், வளர வளரப் பல எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பச்சைக் குழந்தையின் உச்சிக்குழியைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறதே, மண்டை எலும்புகள் இன்னும் சேராத இடம் அது.

தேவையான பொருள்கள்: விஞ்ஞானப் பாடப்புத்தகம், ஒரு கொப்பி, கழுவினால் போகும் பேனை, கூடப் படிக்க ஒருவர். தோழியோ தம்பியோ அம்மாவோ யாராக இருந்தாலும் சரி. தனியாகப் படித்தால் உங்கள் முதுகை உங்களால் தொட முடியாது.

படி 1: நிற்கும் விதம்

பெயருக்கு முன்னால் இதைப் படியுங்கள். நேராக நில்லுங்கள், கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு உள்ளங்கையை முன்னால் திருப்புங்கள். பெருவிரல் வெளிப்பக்கம் பார்க்கும். உலகம் முழுவதும் மருத்துவப் படிப்பில் எலும்பின் இடத்தைச் சொல்வது இந்த நிலையை வைத்துத்தான். 'உள்', 'வெளி' என்று புத்தகத்தில் வருவதெல்லாம் உடம்பின் நடுக்கோட்டை வைத்து. நடுவுக்குக் கிட்ட இருந்தால் உள், தள்ளி இருந்தால் வெளி. இதை விட்டுவிட்டுப் படித்தவர்கள்தான் கையிலுள்ள இரண்டு எலும்புகளையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்.

படி 2: நீள எலும்புகளிலிருந்து தொடங்குங்கள்

தலையோட்டிலிருந்து தொடங்கச் சொல்லும் புத்தகங்கள் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை. அங்கே பெயர்கள் கடினம், தொட முடியாதவையும் பல. கையிலும் காலிலும் தொடங்கினால் முதல் நாளே பத்துப் பெயர் கைக்குள் வந்துவிடும்.

கழுத்துக்குக் கீழே, தொண்டைக் குழியிலிருந்து தோள் நுனி வரை குறுக்கே ஓடும் எலும்பைத் தடவிப் பாருங்கள். முழு நீளமும் விரலுக்குப் படும். இதுதான் காறை என்பு, ஆஸ்பத்திரியில் கிளாவிக்கிள். காறை என்பது கழுத்தில் அணியும் ஒரு பழைய நகை. அந்த நகை கிடக்கும் இடத்திலேயே எலும்பும் கிடக்கிறது. கிளாவிக்கிள் என்றால் இலத்தீனில் சின்னச் சாவி. கையை உடம்பின் நடு எலும்புகளோடு மூட்டுப் போட்டு இணைப்பது இந்த ஒன்றுதான். தாயின் வயிற்றில் முதலில் எலும்பாகத் தொடங்குவதும் இது, கடைசியாக முழுமை பெறுவதும் இது. விழுந்தால் அடிக்கடி உடைவதும் இதுவே.

முதுகுப் பக்கம் முக்கோணத் தட்டாக இருப்பது தோட்பட்டை என்பு, ஸ்காபியுலா. உங்கள் தோழியைக் கையை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லி அவர் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அந்தத் தட்டு விலா எலும்புகளின்மேல் வழுக்கிப் போவது தெரியும்.

மேற்கையில் இருப்பது ஒன்றே ஒன்று. புயவென்பு, ஹியூமரஸ். முழங்கையின் இரண்டு பக்கமும் தட்டுப்படும் மேடுகள் அதன் கீழ்முனை. உள்பக்க மேட்டுக்குப் பின்னால் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுள்ளென்று போகும். அது எலும்பின் வேலையில்லை, அந்த இடத்தில் தோலுக்குக் கீழேயே ஓடும் நரம்பின் வேலை.

இப்போது முன்னங்கை. இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள்.

முழங்கையை மடித்து அதன் கூர்மையான முனையைத் தொடுங்கள். அது தனி எலும்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது அரந்தியின் மேல்முனை. அங்கிருந்து விரலை எடுக்காமல் கீழே இறக்கினால் சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு வரை ஓர் எலும்பு விளிம்பு தொடர்ந்து வரும். இதுதான் அரந்தி, அல்னா. பெருவிரல் பக்கம் இருப்பது ஆரை, ரேடியஸ். கணிதப் பாடத்தில் வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரையுள்ள கோட்டுக்கும் நாம் ஆரை என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல். ஏன் என்று கையே சொல்லும். உள்ளங்கையை மேலே வைத்துவிட்டுக் கீழே திருப்புங்கள். அரந்தி கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். ஆரைதான் அதைக் குறுக்கே கடந்து சுற்றி வரும். சுற்றுவது ஆரை என்று ஒரு தடவை கையைத் திருப்பிப் பார்த்தவருக்குப் பிறகு மாறிப் போகாது.

வழுக்கி விழும்போது நாம் எல்லோரும் கையை ஊன்றுகிறோம். அந்த அடியில் பெரும்பகுதியை வாங்குவது ஆரையின் மணிக்கட்டு முனை. அம்மாவுக்கு உடைந்ததும் அங்கேதான். சறுக்கும் பாதைகள் உள்ள நம் ஊரில் இந்த ஒரு பெயரையாவது எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

காலுக்கு வருவோம். தொடை என்பு, ஃபீமர், உடம்பிலேயே நீளமானது. ஆளின் உயரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. தசை மூடியிருப்பதால் நடுப்பகுதியைத் தொட முடியாது. இடுப்பின் பக்கவாட்டில் கையை வைத்துக் காலை உள்ளும் வெளியும் திருப்பினால் அதன் மேல்முனை உருளுவது தெரியும்.

முழங்காற் சில்லு, பட்டெல்லா. பாண்டி ஆட்டத்தில் எறிகிறோமே சில்லு, அதே சொல். காலை நீட்டித் தளர்த்தி வைத்துக்கொண்டு அதை இரண்டு விரலால் இப்படியும் அப்படியும் அசைக்கலாம். பிறக்கும்போது குழந்தைக்கு இது குருத்தெலும்பாகத்தான் இருக்கும், மூன்று வயதுக்குப் பிறகே மெல்ல எலும்பாகும்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு. பெயரே இடத்தைச் சொல்லிவிடுகிறது: கணைக்கால் உள்ளென்பு, கணைக்கால் வெளியென்பு. ஆஸ்பத்திரியில் டிபியா, ஃபிபியுலா. கட்டிலில் இடித்துக்கொண்டு கண்ணில் நீர் வர வைக்கும் அந்த முன்விளிம்பு உள்ளென்பு. உடம்பின் பாரத்தைத் தாங்குவது அதுதான். வெளியென்பு மெல்லியது. ஃபிபியுலா என்றால் இலத்தீனில் உடுப்பைப் பொருத்தும் ஊக்கு. இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஊக்கின் கெட்டிக் கம்பியும் அதன் ஊசியும் போலவே இருக்கும். கணுக்காலின் இரண்டு பக்கத்து மொழிகளையும், அதாவது துருத்தி நிற்கும் மேடுகளையும், தொடுங்கள். உள்மொழி டிபியாவின் முனை, வெளிமொழி ஃபிபியுலாவின் முனை. வெளிமொழி சற்றுக் கீழே இறங்கியிருப்பதையும் கவனியுங்கள்.

படி 3: முள்ளந்தண்டும் நெஞ்சும்

முள்ளந்தண்டின் எண்களை மனதில் வைக்க நான் அம்மாவின் நாளை எடுத்துக்கொண்டேன். காலை 7 மணிக்கு மலைக்கு ஏறுவார், பகல் 12 மணிக்குக் கொழுந்து நிறுக்க இறங்குவார், மாலை 5 மணிக்கு லயத்துக்கு வந்துவிடுவார். கழுத்தில் 7, நெஞ்சறையில் 12, நாரியில், அதாவது கீழ்முதுகில், 5. நாள் மேலிருந்து கீழே ஓடுவதுபோல முள்ளென்பும் மேலிருந்து கீழே. எனக்கு இது ஒரு நாளும் மறந்ததில்லை.

அதற்குக் கீழே குழந்தையில் 5 துண்டாக இருந்து ஒன்றாகச் சேர்ந்தது திருவென்பு. அதற்கும் கீழே பெரும்பாலும் 4 துண்டு சேர்ந்தது குயிலலகென்பு. 7, 12, 5, 1, 1. கூட்டினால் 26.

இந்த இரண்டு கடைசிப் பெயர்களையும் நான் மிகவும் நேசிக்கிறேன். திருவென்பின் ஆங்கிலப் பெயர் சேக்ரம். இலத்தீனில் அதற்குப் புனிதமானது என்று பொருள். அதைத்தான் நம்மவர்கள் 'திரு' என்று ஒரே சொல்லில் அழகாகக் கொண்டுவந்தார்கள். கொக்சிக்ஸ் என்பது கிரேக்கத்தில் குயில். எலும்பு குயிலின் அலகுபோல வளைந்து கூராக இருப்பதால் அந்தப் பெயர். தமிழில் குயிலலகு. இப்படிப் பொருளைத் திறந்து பார்த்துவிட்டால் தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை என்று இரண்டு முறை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரே படம், இரண்டு மொழி.

தொட்டுப் படிக்க: தோழியைத் தலையைக் குனியச் சொல்லுங்கள். கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும் முள் பெரும்பாலும் கழுத்தின் ஏழாவது. அங்கிருந்து விரலால் கீழே எண்ணிக்கொண்டு போகலாம். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி நிற்கும்போது கை படும் எலும்பு விளிம்பின் மட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டால், அது நாரியின் நாலாவது முள்ளென்புக்கு நேராக வரும். ஆஸ்பத்திரியில் இந்தக் கோட்டுக்கு நிறையப் பயன் உண்டு.

கழுத்தின் முதல் இரண்டுக்கு மட்டும் தனிப் பெயர் இருக்கிறது. முதலாவது அட்லஸ். கிரேக்கக் கதையில் வானத்தையே சுமந்து நிற்கிறவன் பெயர். தலையைச் சுமப்பதால் எலும்புக்கும் அந்தப் பெயர். இரண்டாவது அச்சு, ஆக்சிஸ். 'ஆமாம்' என்று தலையை மேலும் கீழும் ஆட்டினால் அது தலையோட்டுக்கும் அட்லஸுக்கும் நடுவில் நடக்கும் அசைவு. 'இல்லை' என்று இடமும் வலமும் திருப்பினால் அட்லஸ் அச்சைச் சுற்றுகிறது. வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆமாம், இல்லை என்று ஆட்டிப் படிப்பார்கள்.

நாரி முள்ளென்புகள் ஐந்தும் உருவத்தில் பெரியவை. மேலேயுள்ள பாரமெல்லாம் கடைசியில் அங்கேதான் இறங்குகிறது. தலைக்கயிற்றில் கூடை மாட்டிச் சரிவில் நிற்கும் பெண்களின் கழுத்து ஏழும் நாரி ஐந்தும் என்ன பாடுபடும் என்று நான் படித்த பிறகுதான் யோசித்தேன். அதுவரை அம்மா 'இடுப்பு கடுக்குது' என்று சொன்னதை வெறும் அலுப்பு என்றே நினைத்திருந்தேன்.

நெஞ்சுக்கு அதிக நேரம் வேண்டாம். நடுவில் மார்புப்பட்டை, ஸ்டெர்னம். இரண்டு பக்கமும் 12 சோடி விலா என்புகள். முதல் 7 சோடி தம் குருத்தெலும்பால் நேராக மார்புப்பட்டையைப் பிடித்திருக்கும். 8, 9, 10 மேலேயுள்ளதன் குருத்தெலும்போடு சேர்ந்துகொள்ளும். 11, 12 முன்னால் எதையும் தொடாமல் நிற்கும். தொண்டைக் குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் சில விரற்கடையில் ஒரு குறுக்கு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணுங்கள், முதலாவதைத் தேட வேண்டாம். ஆண்களுக்கு ஒரு விலா எலும்பு குறைவா என்று எப்போதும் ஒரு பிள்ளை கேட்கும். இல்லை, இருவருக்கும் 24.

படி 4: தலையோடு

22 எலும்புகள். மூளையை மூடியிருப்பவை 8, முகத்தில் 14. இங்கே வீட்டுப் பெயர் அதிகம் கிடையாது. ஆனால் பழைய தமிழ் இருக்கிறது, அது கைகொடுக்கும்.

நெற்றியில் கை வையுங்கள். நுதலென்பு, ஃப்ரொன்டல். நுதல் என்றால் சங்கப் பாட்டுக் காலத்திலிருந்தே நெற்றி. உச்சியின் இரண்டு பக்கமும் சுவர்போல நிற்பவை சுவரென்புகள், பரைட்டல். இலத்தீனிலும் அதற்குச் சுவர் என்றே பொருள். காதுக்கு மேலே, நெற்றி முடியும் கடைப்பகுதியில் கடைநுதலென்பு, டெம்பொரல். பின்னந்தலையில், பிடரிக்கு மேலே, பிடரென்பு, ஒக்சிபிட்டல். நுதல் ஒன்று, சுவர் இரண்டு, கடைநுதல் இரண்டு, பிடர் ஒன்று. ஆறு ஆயிற்று.

மீதி இரண்டையும் தொட முடியாது. கண்ணுக்குப் பின்னால் மற்ற எலும்புகளுக்கு நடுவே ஆப்புபோலச் செருகி நிற்பது ஆப்புருவென்பு, ஸ்ஃபீனொய்ட். மூக்கின் கூரையில் சல்லடைபோல ஓட்டைகளோடு இருப்பது நெய்யரியென்பு, எத்மொய்ட். நெய்யை வடிக்கும் அரிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாசனையை உணரும் நரம்பு இழைகள் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மேலே போகின்றன. தேயிலை பெக்டரியைத் தாண்டும்போது வரும் அந்த வாசனை மூளைக்குப் போகும் வாசல் இதுதான் என்று சொன்னால் பிள்ளைகள் மறப்பதேயில்லை.

முகத்தில் பெரியவை எளிது. கீழ்த்தாடை ஒன்று, மண்டிபிள். தலையோட்டில் நாம் நினைத்தபடி அசைப்பது இதை மட்டும்தான். பழங்காலத்து மருத்துவர் கேலன் விலங்குகளை வெட்டிப் பார்த்து, மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று எழுதிவைத்தார். ஆயிரம் வருடத்துக்கு மேல் அதையே நம்பினார்கள். பின்னால் வந்த வெசாலியஸ் என்ற மருத்துவர் மனித உடலையே பார்த்து, 1543இல் வெளியிட்ட தன் நூலில் அது ஒன்றுதான் என்று காட்டினார். பார்க்காமலும் தொடாமலும் படிப்பதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

மேல்தாடை இரண்டு, மக்ஸில்லா. கன்ன எலும்பு இரண்டு, சைகொமெட்டிக். மூக்குத்தண்டின் மேல்பகுதியில் நாசி எலும்பு இரண்டு, கண்ணாடி போடுகிறவர்களுக்கு அது உட்காரும் இடம். கண்ணின் உள்மூலையில் கண்ணீர் எலும்பு இரண்டு, வாயின் கூரையில் பின்பக்கம் அண்ண எலும்பு இரண்டு, மூக்குக்குள் சங்குபோலச் சுருண்டவை இரண்டு, மூக்கின் நடுச்சுவரில் வோமர் ஒன்று. வோமர் என்றால் ஏரின் கொழு. எண்ணிப் பாருங்கள், 14 வரும். சாதாரண தரத்துக்கு இந்தக் கடைசி நாலும் தேவைப்படாது, மேலே படிப்பவர்கள் மட்டும் படித்தால் போதும்.

காதுக்குள் ஒரு பட்டறையே இருக்கிறது. சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு. மல்லியஸ், இன்கஸ், ஸ்டேபிஸ். சம்மட்டி பட்டடையில் அடிக்கும், பட்டடை ஏந்தியை அசைக்கும், ஒலி உள்ளே போகும். ஏந்தியுரு உடம்பிலேயே சின்ன எலும்பு, சுமார் 3 மில்லிமீற்றர், பாதி அரிசி அளவு. குதிரையில் ஏறும்போது கால் வைக்கும் வளையத்தின் வடிவம். நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் மட்டக்குதிரை சவாரி பார்த்தவர்களுக்கு அந்த வளையம் தெரிந்திருக்கும்.

தொண்டையில் நாவடி எலும்பு, ஹையொய்ட். வேறு எந்த எலும்போடும் சேராமல் தசைகளும் இழைகளும் பிடித்துவைத்திருக்கும் எலும்பு. கீழ்த்தாடைக்குக் கீழே, குரல்வளைக்கு மேலே விரலை மெதுவாக வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள், அது ஏறி இறங்கும். அழுத்த வேண்டாம்.

படி 5: கையும் பாதமும்

ஒரு கையின் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 27, ஒரு பாதத்தில் 26. இரண்டு கை, இரண்டு பாதம் சேர்த்தால் 106. உடம்பின் பாதிக்கு மேற்பட்ட எலும்புகள் இங்கேதான்.

விரல்கள் எளிது. பெருவிரலுக்கு 2, மற்ற நாலுக்கும் மூன்று மூன்று, ஆக 14 விரலென்புகள், ஃபலான்ஜஸ். உள்ளங்கையில் 5, அவை அனுமணிக்கட்டென்புகள், மெட்டாகார்ப்பல். 'அனு' என்றால் அடுத்து வருவது. மணிக்கட்டுக்கு அடுத்து வருவதால் அந்தப் பெயர். ஆங்கிலத்தின் 'மெட்டா'வும் அதே பொருளில்தான் வருகிறது. முட்டியை மடக்கினால் தெரியும் முதல் வரிசை மொழிகள் இவற்றின் முனைகள்.

மணிக்கட்டின் 8 எலும்புகள்தான் எல்லோரையும் அழவைப்பவை. சாதாரண தரத்துக்கு 'மணிக்கட்டென்புகள் 8' என்றால் போதும். மேலே படிப்பவர்களுக்கு நாங்கள் அந்த இரவுகளில் செய்துகொண்ட வரி இது. உள்ளங்கையை உங்கள் பக்கம் திருப்பி, பெருவிரல் பக்கத்திலிருந்து சுண்டுவிரல் பக்கம் போங்கள்:

தோணி, நிலா, முக்கோணம், பட்டாணி;
மேசை, மேசைபோல, தலை, கொக்கி.

முதல் வரி முன்னங்கைக்குக் கிட்ட உள்ள வரிசை, இரண்டாவது வரி விரல்களுக்குக் கிட்ட உள்ளது. ஆஸ்பத்திரிப் பெயர்களின் பொருளும் அதேதான். ஸ்காஃபொய்ட் தோணி, லூனேட் நிலா, ட்ரைகுவெட்ரம் மூன்று மூலை, பிசிஃபோர்ம் பட்டாணி. ட்ரபீசியம் சின்ன மேசை, ட்ரபீசொய்ட் மேசைபோன்றது, கெப்பிட்டேட் தலை, ஹேமேட் கொக்கி உள்ளது. முதலில் தமிழ் வரியைப் பாட்டுப்போலச் சொல்லப் பழகுங்கள். ஒரு கிழமைக்குப் பிறகு ஆங்கிலப் பெயர்களை அதன்மேல் வையுங்கள்.

இவற்றில் மூன்றை உங்களால் தொட முடியும். பெருவிரலை நன்றாக விரித்து நீட்டினால் அதன் அடியில், கையின் பின்பக்கம், ஒரு குழி விழும். மூக்குப்பொடியை அங்கே கொட்டி உறிஞ்சும் பழக்கம் இருந்ததால் அதற்குப் பொடிடப்பிக் குழி என்றே ஆங்கில மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். அந்தக் குழியின் அடியில் தோணி கிடக்கிறது. கையை ஊன்றி விழுந்தபின் அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் வீக்கம் குறைவாக இருந்தாலும் டொக்டரிடம் காட்டுங்கள். தோணி உடைந்தது முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. பட்டாணி சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டு மடிப்பில் உருண்டையாகத் தட்டுப்படும். மேசை பெருவிரலின் அடியில் இருக்கிறது. மேசைக்கும் பெருவிரலின் மெட்டாகார்ப்பலுக்கும் நடுவே இருக்கும் சேணம்போன்ற மூட்டால்தான் பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் அந்த அசைவு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை அங்கே நடக்கிறது.

பாதத்தைக் கையின் தம்பி என்று நினைத்துக்கொள்ளுங்கள். விரலென்பு அதே 14, அடுத்து அனுகணுக்காலென்பு 5, பின்னால் கணுக்காலென்பு 8க்குப் பதிலாக 7. குதிகால் கல்கேனியஸ், ஏழில் பெரியது. அதன்மேல் டேலஸ். டேலஸுக்கு முன்னால் உள்பக்கம் நவிக்குலர், வெளிப்பக்கம் கியூபொய்ட், நவிக்குலருக்கு முன்னால் மூன்று கியூனிஃபோர்ம்.

இங்கே ஒரு அழகு இருக்கிறது. நவிக்குலர் என்றாலும் சின்னத் தோணிதான். கையில் கிரேக்கத் தோணி, காலில் இலத்தீன் தோணி. கியூனிஃபோர்ம் என்றால் ஆப்பு. தலையோட்டில் பார்த்த ஸ்ஃபீனொய்டும் ஆப்பு. காதிலுள்ள மல்லியஸ் சம்மட்டி, கணுக்கால் மொழியின் ஆங்கிலப் பெயரான மல்லியோலஸ் சின்னச் சம்மட்டி. இப்படிச் சோடி சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். பரீட்சைக்கு முதல்நாள் அந்த ஒரு பக்கம் போதும்.

இடுப்பெலும்பை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று எண்ணினாலும் அது மூன்று எலும்பு சேர்ந்தது. கை ஊன்றும் அகன்ற மேல்பகுதி இலியம், பலகையில் உட்காரும்போது இடிக்கும் கீழ்ப்பகுதி இஸ்கியம், முன்பக்கம் பியூபிஸ். மூன்றும் சேரும் குழியில்தான் தொடை என்பின் தலை உட்காருகிறது.

படி 6: மறக்காமல் இருக்க

படித்த அன்றிரவு படுக்கும் முன் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பிறகு மறுநாள், மூன்றாம் நாள், ஒரு கிழமை கழித்து, ஒரு மாதம் கழித்து. ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைத் திறக்கும் முன் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். தடுமாறும் பெயரைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள், அடுத்த தடவை அதிலிருந்து தொடங்குங்கள்.

சோடியாகப் படித்தால் இன்னும் நல்லது. ஒருவர் தொட வேண்டும், மற்றவர் மூன்று பெயரையும் சொல்ல வேண்டும். பிறகு மாற்றி, ஒருவர் ஆங்கிலப் பெயர் சொல்ல மற்றவர் இடத்தைத் தொட வேண்டும். இரண்டாவதுதான் கடினம், ஆஸ்பத்திரியில் தேவைப்படுவதும் அதுதான். போனில் ஒரு எலும்புக்கூட்டுப் படத்தை இறக்கி வைத்துக்கொண்டால் பஸ்ஸில் போகும்போது பெயர்களைக் கையால் மறைத்துச் சொல்லிப் பார்க்கலாம். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் நேரத்துக்குள் முழு உடம்பையும் இரண்டு சுற்று வந்துவிடலாம்.

வீட்டில் கறி சமைக்கும் நாளையும் விடாதீர்கள். ஆட்டுக் கழுத்தில் முள்ளென்பை எண்ணினால் நமக்குப் போலவே 7 இருக்கும். கோழிக்காலில் தடித்த எலும்போடு ஊசிபோல ஒன்று ஒட்டியிருக்குமே, அது அதன் ஃபிபியுலா. வடிவம் மனிதனுடையது போலவே இருக்காது, ஆனால் கையில் எடுத்துப் பார்த்த எலும்பு மனதில் நிற்கும்.

அம்மாவின் கை கூடிவிட்டது, மணிக்கட்டுக்கு மேலே ஒரு சின்ன வளைவு மட்டும் மிச்சம். பயிற்சி முடித்து வந்த முதல் விடுமுறையில் அந்த வளைவின்மேல் அவர் விரலையே வைத்து, "இதுதாம்மா ஆரை, ரேடியஸ்னு எழுதியிருந்தாங்களே, இது" என்று காட்டினேன். இப்போது மாசிப் பனி இறங்கும் காலையில் அந்த இடத்தைத் தடவிக்கொண்டு, "ஆரை கடுக்குது புள்ள" என்றுதான் சொல்கிறார்.